கூட்டமில்லாத ஹனிமூன்: இமயமலை அடிவாரத்தில் எந்த ஊர், எந்த மாதம், எத்தனை நாள்? முழு விவரம்

கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு பல வீடுகளில் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: "ஹனிமூன் எங்கே?" சிம்லா, மணாலி, நைனிடால் என்று பெயர்கள் வரிசையாக வரும். வாட்ஸ்அப்பில் வந்து விழும் பேக்கேஜில் ஆறு நாளில் ஐந்து ஊர் இருக்கும். போய்த் திரும்பும்போது போன் நிறைய படங்கள் இருக்கும். கணக்குப் பார்த்தால், மலையில் இருந்ததைவிட காரில் இருந்த நேரம்தான் அதிகம்.

"கூட்டம் வேண்டாம், ரெண்டு பேரும் நிம்மதியா உட்கார்ந்து பேசினா போதும்" என்று நினைக்கும் ஜோடிகளுக்கு இமயமலை அடிவாரம் நல்ல தேர்வு. ஆனால் அந்த அமைதி ஊர் பெயரை மட்டும் பார்த்துக் கிடைத்துவிடாது. எந்த மாதம் போகிறோம், வாரத்தின் எந்த நாளில் போகிறோம், எத்தனை இடத்தில் தங்குகிறோம் ஆகிய மூன்று முடிவுகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இதில் மாதத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் போவது பணம் மட்டுமல்ல. மழைக்கால மலைப்பாதை உயிருக்கே ஆபத்தானது.

உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன் பகுதியை எடுத்துக்கொண்டு, இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடலாம் என்று பார்க்கலாம்.

முதலில் இருவரும் பேச வேண்டியது

அமைதியான ஊர் என்றால் அங்கே என்ன இருக்கும் என்பதைவிட என்ன இருக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மால் ரோடு இருக்காது. இரவு எட்டு மணிக்கு மேல் கடைகள் திறந்திருக்காது. கேபிள் கார், சாகச விளையாட்டு, ஷாப்பிங் எதுவும் பக்கத்தில் இருக்காது. காலையில் பனிச்சிகரம், பகலில் காட்டுக்குள் ஒரு நடை, மாலையில் டீ, இரவில் குளிர். அவ்வளவுதான்.

ஒருவருக்குச் சொர்க்கமாகத் தெரிவது இன்னொருவருக்கு இரண்டாவது நாளே போரடிக்கலாம். வீட்டில் பார்த்து முடித்த திருமணம் என்றால், ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பதே மற்றவருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் நேராகப் பேசிவிடுவது நல்லது. நான்கு நாள் அமைதி, ஒரு நாள் கடைத்தெரு என்று பிரித்துக்கொண்டாலும் தவறில்லை. கீழே உள்ள மாதிரித் திட்டம் அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

இமயமலை அடிவாரம் என்பது எது?

இமயமலையின் தெற்கு விளிம்பில், கங்கைச் சமவெளியை ஒட்டி எழும் தாழ்ந்த மலைகள் சிவாலிக் எனப்படுகின்றன. அதற்கு அடுத்து இருப்பது சிற்றிமயம். இந்தப் பகுதியில் 1,500 முதல் 2,400 மீட்டர் உயரத்தில்தான் நைனிடால், அல்மோரா, முக்தேஷ்வர், கௌசானி போன்ற ஊர்கள் இருக்கின்றன. பனிச்சிகரங்கள் இதற்கும் வடக்கே உள்ளன. அதாவது, பனிமலையில் ஏறாமலே, எதிர் மலையில் உட்கார்ந்து பனிமலையைப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் போன்ற பிரச்சினைகள் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். லடாக் போல, போய் இறங்கியதும் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை.

உத்தராகண்ட் 2000ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி தனி மாநிலமானது. மேற்குப் பாதி கர்வால், கிழக்குப் பாதி குமாவுன். கேதார்நாத், பத்ரிநாத், ரிஷிகேஷ், முசௌரி எல்லாம் கர்வாலில் வருகின்றன. சார்தாம் யாத்திரையின் வாகன நெரிசலும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். குமாவுன் கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறது.

நைனிடால் ஏன் வேண்டாம்?

நைனிடால் அழகான ஊர். ஏரியைச் சுற்றி மலை, ஏரிக்கரையில் நைனா தேவி கோயில், படகு சவாரி எல்லாம் உண்டு. ஆனால் டெல்லியிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால், வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை ஊர் நிரம்பி வழிகிறது. மே, ஜூன் மாதங்களில் வெளியூர் கார்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஷட்டில் வண்டியில் அனுப்பும் அளவுக்கு நெரிசல் ஏற்படுவது உண்டு.

இந்தப் பக்கத்தில் இன்னொரு நெரிசல் இடம் கைஞ்சி தாம். நீம் கரோலி பாபாவின் ஆசிரமம். ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் 1974ஆம் ஆண்டில் தேடி வந்த இடம். பவாலியிலிருந்து அல்மோரா போகும் பிரதான சாலையிலேயே இது இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 15ஆம் தேதி நடக்கும் ஸ்தாபன தின விழாவுக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் கூடுவார்கள். வார இறுதிகளிலும் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த நாட்களில் இந்தச் சாலையைத் தவிர்ப்பதே நல்லது.

நைனிடாலை முழுவதும் விட்டுவிட வேண்டியதில்லை. திங்கள் முதல் வியாழன் வரையிலான ஒரு நாளில் போய், படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மால் ரோட்டில் நடந்துவிட்டு வரலாம்.

கல்யாண மாதமும் மலையின் சீசனும்

ஹனிமூன் தேதியை முடிவு செய்வது பெரும்பாலும் முகூர்த்த தேதிதான். எந்த மாதத்தில் கல்யாணம் நடந்தால், அப்போது மலை எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

தை, மாசி (ஜனவரி பாதி முதல் மார்ச் பாதி வரை): குளிர் அதிகம். முக்தேஷ்வர் போன்ற இடங்களில் ஜனவரி இரவில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிப் போகும். சில நாள் பனியும் விழும். ஆனால் "கண்டிப்பாகப் பனி இருக்கும்" என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். கூட்டம் குறைவு, அறை எளிதில் கிடைக்கும். அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி.

பங்குனி (மார்ச் பாதி முதல் ஏப்ரல் பாதி வரை): ஜோடிகளுக்கு மிகப் பொருத்தமான காலங்களில் ஒன்று. புராஞ்ஸ் மரங்கள் காடு முழுக்கச் சிவப்பாகப் பூக்கும் நேரம் இது. உத்தராகண்டின் மாநில மரமும் இதுதான். பள்ளித் தேர்வுகள் நடப்பதால் குடும்பக் கூட்டமும் குறைவு. ஹோலியை ஒட்டிய விடுமுறை நாட்களை மட்டும் தவிர்க்கவும்.

சித்திரை, வைகாசி (ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை): வெயில் இதமாக இருக்கும். ஆனால் கூட்டமும் கட்டணமும் உச்சத்துக்குப் போகும் காலம். காட்டுத்தீ காலமும் இதுவே. பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலைகளில் தீ வேகமாகப் பரவும். புகையும் தூசும் சேர்ந்தால் பனிச்சிகரம் நாள் கணக்கில் கண்ணில் படாது. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். இந்த மாதங்களில் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் தங்கும் இடத்துக்குப் போன் செய்து நிலைமையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனி, ஆவணி: தள்ளிப் போடுங்கள். பருவமழை வழக்கமாக ஜூன் பிற்பகுதியில் தொடங்கி செப்டம்பர் பிற்பகுதி வரை நீடிக்கும். நிலச்சரிவில் சாலை மூடப்படுவது அப்போது சாதாரணம். ஆடியில் இங்கே கல்யாணமே இருக்காது. ஆனால் ஆவணியில் முகூர்த்தம் அதிகம், அப்போது மலையில் மழை ஓய்ந்திருக்காது. ஆவணியில் கல்யாணம் முடித்தவர்கள் இரண்டு மாதம் பொறுத்து, ஐப்பசியில் போவதே புத்திசாலித்தனம்.

ஐப்பசி, கார்த்திகை (அக்டோபர் பாதி முதல் டிசம்பர் பாதி வரை): வானம் கழுவிவிட்டது போல இருக்கும். பனிச்சிகரங்கள் மிகத் தெளிவாகத் தெரியும் காலம். தீபாவளி வாரத்தில் மட்டும் கூட்டம் இருக்கும். அது முடிந்ததும் மலை அடங்கிவிடும். நவம்பர் இரவுகளில் நல்ல குளிர் உண்டு.

மார்கழி (டிசம்பர் பாதி முதல் ஜனவரி பாதி வரை): கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கூட்டம். மற்ற நாட்கள் அமைதி.

ஐப்பசி என்றாலே ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2021 அக்டோபர் 18, 19 தேதிகளில் குமாவுனில் எதிர்பாராத பெருமழை கொட்டியது. முக்தேஷ்வரில் 24 மணி நேரத்தில் 340.8 மி.மீ. மழை பதிவானது. 1897ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த வானிலை மையத்தின் வரலாற்றில் அதுவரை அப்படி ஒரு மழை பதிவானதில்லை. மாநிலம் முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுற்றுலாப் பயணிகள் பல இடங்களில் சிக்கிக்கொண்டார்கள். எந்த மாதமாக இருந்தாலும், கிளம்புவதற்கு முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு, ரெட் அலர்ட் இருந்தால் மலை ஏற வேண்டாம்.

எந்த ஊரில் தங்கலாம்?

முக்தேஷ்வர்: நைனிடாலிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம். ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம். மலை உச்சியில் பழைய சிவன் கோயில். பக்கத்திலேயே சௌலி கி ஜாலி என்ற செங்குத்தான பாறை விளிம்பு. ஆங்கிலேயர் காலத்திலேயே இங்கே தொடங்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜிம் கார்பெட் தன் புத்தகத்தில் எழுதிய ஆட்கொல்லிப் புலிகளில் ஒன்று இந்த ஊரைச் சேர்ந்தது. வானம் தெளிவாக இருந்தால் 7,816 மீட்டர் உயர நந்தா தேவியும் 7,120 மீட்டர் உயர திரிசூலும் தெரியும். பாறை விளிம்பில் தடுப்புகள் குறைவு. செல்ஃபி எடுக்கப் பின்னால் நகர வேண்டாம்.

ராம்கட்: முக்தேஷ்வர் போகும் வழியில் இருக்கும் பழத்தோட்ட ஊர். ஆப்பிள், பீச், ஆப்ரிகாட் மரங்கள் நிறைந்தது. இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா வீடு கட்டித் தங்கி எழுதிய இடம். சரிவுகளில் சின்னச் சின்ன ஹோம்ஸ்டேக்கள் உண்டு. "எங்கேயும் போகாம ஒரே இடத்துல இருக்கணும்" என்பவர்களுக்கு ஏற்றது.

பின்சர்: அல்மோராவிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம். 1988ஆம் ஆண்டு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் சந்த் மன்னர்களின் கோடைத் தலைநகர். ஓக், புராஞ்ஸ் மரங்கள் அடர்ந்த காட்டுக்குள்தான் தங்கும் இடங்கள் இருக்கின்றன. ஜீரோ பாயின்ட் என்ற இடத்துக்குக் காட்டுப்பாதையில் நடந்து போனால், நந்தா தேவி, திரிசூல், பஞ்சசூலி எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். இந்தப் பட்டியலில் மிக அமைதியான இடம் இதுதான். அதே நேரம் வசதிகள் குறைவு. சரணாலயத்துக்குள் கடைகள் இல்லை. சில இடங்களில் மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம் மட்டுமே. நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கப் பணம் வைத்துக்கொள்ளவும். சிறுத்தைகள் உள்ள காடு என்பதால் இருட்டிய பிறகு வெளியே நடக்கக் கூடாது.

கௌசானி: அல்மோராவிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம். உயரம் 1,890 மீட்டர். காந்தி 1929ஆம் ஆண்டில் இங்கே தங்கித்தான் கீதைக்கான தன் உரைநூலின் முன்னுரையை எழுதினார். அவர் தங்கிய இடம் இப்போது அனாசக்தி ஆசிரமம். ஆசிரம முற்றத்தில் நின்றால் எதிரே பனிமலை. இந்திக்கு முதல் ஞானபீட விருதைப் பெற்றுத் தந்த கவிஞர் சுமித்ரானந்தன் பந்த் பிறந்த ஊரும் இதுவே. சூரிய உதயம் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இரவில் கிளம்பிவிடுவார்கள். இரண்டு இரவு தங்குபவர்களுக்குப் பகல் முழுக்க ஊர் அமைதியாக இருக்கும்.

லான்ஸ்டவுன்: இது கர்வால் பகுதி. டெல்லியிலிருந்து சுமார் 260 கி.மீ. தூரம். 1887ஆம் ஆண்டில் உருவான ராணுவக் குடியிருப்பு ஊர். கர்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் தலைமையிடம். உயரம் 1,700 மீட்டர்தான். விடுமுறை நான்கு நாள் மட்டுமே என்றால் இது பொருந்தும். ஆனால் வார இறுதியில் டெல்லிக் கூட்டம் இங்கேயும் வந்துவிடும். ராணுவப் பகுதிகளில் படம் எடுக்கத் தடை உள்ள இடங்களைக் கவனிக்கவும்.

எப்படிப் போவது?

குமாவுனுக்கு வாசல் காத்கோதாம். 1884ஆம் ஆண்டில் ரயில் வந்த ஊர். ரயில் பாதை அங்கேயே முடிந்துவிடும், அதற்கு மேல் மலைதான். புதுடெல்லியிலிருந்து காலையில் புறப்படும் சதாப்தி எக்ஸ்பிரஸ் மதியத்துக்குள் போய்ச் சேரும். பழைய டெல்லி நிலையத்திலிருந்து இரவில் புறப்படும் ராணிகேத் எக்ஸ்பிரஸ் விடியற்காலை போய்ச் சேரும். விமானம் என்றால் பந்த்நகர் விமான நிலையம் இருக்கிறது. ஆனால் விமானங்கள் குறைவு.

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறவர்கள், இரண்டு இரவு கழித்து மூன்றாம் நாள் காலையில் டெல்லியில் இறங்குவார்கள். அதே காலை சதாப்தியை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம். அந்த வண்டி கிளம்பும் நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. பகலில் டெல்லியில் இருந்துவிட்டு இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸ் பிடிப்பதே வசதி. டெல்லிக்கு விமானத்தில் போகிறவர்களுக்கும் இந்த இரவு ரயில் பொருந்தும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. நேர மாற்றம் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

காத்கோதாமிலிருந்து நைனிடால் சுமார் 35 கி.மீ. முக்தேஷ்வர், வழியைப் பொறுத்து 60 முதல் 70 கி.மீ. அல்மோரா சுமார் 85 கி.மீ. சமவெளிக் கணக்கில் இதைப் பார்க்கக் கூடாது. மலையில் 25 முதல் 30 கி.மீ. போக ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பாதை பழக்கமானவர்களுக்கு இது புரியும்.

மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் செல்ஃப் டிரைவ் கார் எடுக்க வேண்டாம். காத்கோதாம் நிலையத்திலும், அடுத்துள்ள ஹல்த்வானியிலும் உள்ளூர் டாக்ஸிகள் கிடைக்கும். எந்த இடத்தில் சாலை சரிந்திருக்கிறது, எந்த மாற்றுப்பாதை திறந்திருக்கிறது என்பது அந்த டிரைவர்களுக்குத்தான் அன்றன்று தெரியும்.

ஏழு நாள் மாதிரித் திட்டம்

இந்தத் திட்டம் டெல்லியிலிருந்து டெல்லி வரை. தங்குமிடம் இரண்டே இரண்டு.

முதல் நாள், ஞாயிறு: இரவு டெல்லியில் ரயில்.

இரண்டாம் நாள், திங்கள்: விடியற்காலை காத்கோதாம். பீம்தால் ஏரிக்கரையில் காலை உணவு. மதியத்துக்குள் முக்தேஷ்வர் அல்லது ராம்கட். அன்று வேறு திட்டம் வேண்டாம். கல்யாண அலைச்சலும் ரயில் அலைச்சலும் சேர்ந்து உடம்பு கெஞ்சும்.

மூன்றாம் நாள், செவ்வாய்: காலையில் பனிமலை, கோயில், சௌலி கி ஜாலி. மதியத்துக்கு மேல் ஓய்வு.

நான்காம் நாள், புதன்: பின்சர் நோக்கிப் பயணம். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். வழியில் அல்மோரா கடைத்தெருவில் ஷாப்பிங்.

ஐந்தாம் நாள், வியாழன்: காலையில் ஜீரோ பாயின்ட் நடை. அவ்வளவுதான்.

ஆறாம் நாள், வெள்ளி: விருப்பம் இருந்தால் ஜாகேஷ்வர். தேவதாரு மரங்களுக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட பழமையான கற்கோயில்கள். போகப் பிடிக்கவில்லை என்றால் அறையிலேயே இருக்கலாம்.

ஏழாம் நாள், சனி: காலையிலேயே கிளம்பி காத்கோதாம். இரவு ரயிலில் டெல்லி.

இதில் கவனிக்க வேண்டியது, மலையில் தங்கும் இரவுகள் எல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை வருகின்றன. டெல்லிக் கூட்டம் மேலே ஏறும்போது இவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். திரும்பும் நாள் சனிக்கிழமை என்பதால் எதிர்ப்பக்க நெரிசலுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளவும். ஊருக்குத் திரும்பும் விமானத்தையோ ரயிலையோ அடுத்த நாள் மதியத்துக்குப் பிறகு போடுவது பாதுகாப்பு. மலையில் சாலை மூடினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

நைனிடாலும் பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய் அல்லது புதன்கிழமை ஒரு சுற்று சேர்க்கலாம். அதற்குப் பதில் மற்றொன்றைக் குறைக்க வேண்டும், நாளைக் கூட்டாமல் ஊரைக் கூட்டக் கூடாது.

புக் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இணையதளப் படங்களில் எல்லா அறையிலும் பனிமலை தெரியும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் நேரடியாகப் போன் செய்து கேட்பது நல்லது.

- நீங்கள் கொடுக்கப்போகும் அதே அறையிலிருந்து பனிமலை தெரியுமா, அல்லது மொட்டை மாடியிலிருந்து மட்டும்தானா?
- கார் வாசல் வரை வருமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் இறங்க அல்லது ஏற வேண்டும்?
- ஹீட்டர் உண்டா? அதற்குத் தனிக் கட்டணமா? கரன்ட் போனால் என்ன ஏற்பாடு?
- சுடுதண்ணீர் எந்த நேரத்தில் வரும்?
- கட்டணத்தில் எத்தனை வேளை சாப்பாடு சேரும்? பக்கத்தில் வேறு ஹோட்டல் உண்டா?
- எந்த நிறுவனத்தின் போன் சிக்னல் கிடைக்கும்?
- அந்த வாரத்தில் அங்கே கல்யாணமோ பெரிய குழுவோ புக் ஆகியிருக்கிறதா?
- ரெட் அலர்ட் வந்தால் அல்லது சாலை மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்ற முடியுமா?

கடைசிக் கேள்விக்கான பதிலை மெசேஜாக வாங்கி வைத்துக்கொள்ளவும். வாய்வார்த்தை போதாது.

அரசு விடுதிதான் வேண்டும் என்பவர்களுக்குக் குமாவுன் மண்டல் விகாஸ் நிகாம் நடத்தும் சுற்றுலா விடுதிகள் பல ஊர்களில் உண்டு. அலங்காரம் இருக்காது, ஆனால் பெரும்பாலும் அந்த ஊரின் நல்ல இடம் அவர்களிடம்தான் இருக்கும். ஹோம்ஸ்டே என்றால் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ததா என்று கேட்கலாம். செக்-இன் நேரத்தில் இருவருக்கும் அரசு அடையாள அட்டை கட்டாயம். கல்யாணம் முடிந்த கையோடு போவதால் இருவர் அட்டையிலும் வேறு வேறு முகவரி இருக்கும். அது பிரச்சினையில்லை. இருவரின் ஒரிஜினல் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போனால் போதும்.

செலவு எங்கே கூடும், எங்கே குறையும்?

இந்தப் பயணத்தில் அறைக்கு அடுத்த பெரிய செலவு டாக்ஸி. இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாளும் ஒரு வண்டி வாடகையும் போகும். ஐந்து ஊருக்குப் பதில் இரண்டு ஊர் என்றால் அந்தச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். மிச்சமாகும் பணத்தில் இன்னும் நல்ல அறை எடுக்கலாம்.

வண்டியை ஏழு நாளும் கூடவே வைத்திருக்க வேண்டியதில்லை. இடம் மாறும் நாளுக்கு மட்டும் பேசிக்கொள்ளலாம். வாடகை பேசும்போது டிரைவர் தங்கும் செலவு, பார்க்கிங், காத்திருப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்தா என்று கேட்டுவிடவும். மலை மேல் ஏடிஎம் குறைவு, சிக்னல் இல்லாவிட்டால் யுபிஐயும் வேலை செய்யாது. ஹல்த்வானியிலேயே கொஞ்சம் ரொக்கம் எடுத்துக்கொள்வது நல்லது.

கடன் வாங்கிப் போகும் பயணம் என்றால் ஒன்றை யோசிக்க வேண்டும். கல்யாணச் செலவு முடிந்த கையோடு புதுக் குடித்தனத்தில் முதல் மாதமே தவணை கட்டுவது இருவருக்கும் பாரம். இரண்டு மாதம் கழித்து, சீசன் இல்லாத நேரத்தில் போனால் அதே அறை குறைந்த கட்டணத்தில் கிடைக்கும்.

சாப்பாடு எப்படி இருக்கும்?

இட்லி, தோசை நைனிடாலில் கிடைக்கலாம், பின்சரில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் குமாவுன் சமையல் தமிழ்நாட்டு நாக்குக்கு அந்நியம் இல்லை. அங்கே மண்டுவா என்றால் நம்ம ஊர் கேழ்வரகு, அதில் ரொட்டி சுடுவார்கள். ஜங்கோரா என்றால் குதிரைவாலி, அதில் பாயசம் வைப்பார்கள். கஹத் என்றால் கொள்ளு. கறுப்பு சோயாவில் செய்யும் பட் கி சுட்கானி சோற்றுக்குப் பிசைந்து சாப்பிட நன்றாக இருக்கும். அல்மோராவின் பால் மிட்டாயும், இலையைச் சுருட்டி அதில் வைத்துத் தரும் சிங்கோரியும் ஊருக்கு வாங்கி வரத் தகுந்தவை. புராஞ்ஸ் பூவில் செய்யும் சர்பத் பாட்டிலில் விற்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு என்ன வேண்டும் என்பதை ஹோம்ஸ்டேயில் மதியமே சொல்லிவிட வேண்டும். பொருள் வாங்கக் கடை தூரம் என்பதால் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

உடல்நலம், பாதுகாப்பு

வளைவுப் பாதையில் வாந்தி வருபவர்கள், டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துப் போகலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏற வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளைக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளவும். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் ஹல்த்வானிக்குத்தான் இறங்க வேண்டும்.

கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு உடை நல்லது. மழை இல்லாத மாதத்திலும் பிடிமானமுள்ள ஷூ வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இரவில் மலைப்பாதைப் பயணம் வேண்டவே வேண்டாம்.

அடுப்பு, கரி மூட்டிய சட்டி ஆகியவற்றை மூடிய அறைக்குள் குளிருக்காக வைத்துத் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பயணத் திட்டத்தையும், தங்கும் இடத்தின் எண்ணையும், டிரைவர் எண்ணையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகவும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

அமைதி இருவழிப் பாதை

நிலச்சரிவு இந்த மலைக்குப் புதிதல்ல. 1880 செப்டம்பர் 18ஆம் தேதி நைனிடாலில் சரிந்த மலைச்சரிவில் 151 பேர் புதைந்து இறந்தார்கள். அந்தச் சரிவுகளின் மேல் இன்றைக்கு வண்டியும் கட்டடமும் கூடிக்கொண்டே போகின்றன. அமைதி தேடிப் போகிறவர்கள் காட்டுக்குள் ஸ்பீக்கர் போடாமல், பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து, பைன் காட்டில் சிகரெட் துண்டை எறியாமல் இருந்தாலே அந்த ஊருக்குச் செய்யும் பெரிய உதவி.

சுருக்கமாகச் சொன்னால், பங்குனி அல்லது தீபாவளி முடிந்த ஐப்பசி, கார்த்திகை. திங்கள் முதல் வெள்ளி வரை. இரண்டே தங்குமிடம். கையில் ஒரு நாள் கூடுதல். இந்த நான்கும் சரியாக அமைந்தால், காலையில் டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே சிவந்துவரும் திரிசூலைப் பார்த்தபடி இருவரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருக்கலாம். யாரும் "கிளம்புங்க, அடுத்த பாயின்ட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்ல மாட்டார்கள்.